எங்கள் கடையை எவரும் கைப்பற்றவில்லை

தமிழ்நாட்டில் கூட்டுறவு ஏன் நொடித்தது என்று கேட்டால் எங்களைப் போன்றவர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: அரசாங்கம் கெடுத்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1976-இல் சங்கங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்கள் கலைக்கப்பட்டு, அந்த நாற்காலிகளில் தனி அலுவலர்கள் உட்கார்ந்தார்கள். அடுத்த தேர்தல் 1996-இல்தான் நடந்தது. இருபது வருடம். ஒரு தலைமுறையே ஓட்டுப் போடாமல் உறுப்பினராக இருந்து முடித்துவிட்டது. 2001-இல் திரும்பவும் கலைப்பு. 2013-இலும் 2018-இலும் தேர்தல்கள் நடந்தன. ஆளுங்கட்சிக்காரர்களுக்காகவே நடந்தன என்ற புகாரும் கூடவே வந்தது. இந்தக் கதையை டீ ஆறுவதற்குள் சொல்லி முடிப்போம். முடித்துவிட்டு, “அதனால்தான் நாங்கள் கூட்டுறவுத் துறையின் வாசலையே மிதிக்கவில்லை” என்று பெருமையாகச் சேர்த்துக்கொள்வோம்.

மிதிக்கவில்லைதான். சென்னையின் தென்பகுதியில் நாங்கள் தொடங்கிய இயற்கை உணவுக் கடையை 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்துகொண்டோம். ஆளுக்கு ஒரு முன்பணம், ஆளுக்கு ஒரு ஓட்டு. லாபம் பிரிப்பதில்லை, மிஞ்சினால் விலையைக் குறைப்பது. வருடத்துக்கு ஒருமுறை கணக்கை அனுப்புவதைத் தவிர அரசாங்கத்தோடு எங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை. அமைச்சர் வீட்டிலிருந்து போன் வரவில்லை. கட்சிக்காரர் யாரும் கரை வேட்டியோடு வந்து நிற்கவில்லை.

அப்படியிருந்தும் கடை இன்று மூடும் நிலையில் இருக்கிறது. அலமாரிகளில் பாதி காலி. நெல் கொடுத்தவர்களுக்குப் பாக்கி. கடையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குச் சம்பள நிலுவை. கைப்பற்ற எவரும் வராத கடையை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் அதன் உறுப்பினர்களாகிய நாங்கள்தான். அதை எங்களுக்குள் கிசுகிசுப்பதை விட்டு வெளிப்படையாக எழுதிவிடுவது என்று சிலர் முடிவு செய்தோம். கடையின் பெயரை எழுதவில்லை. இதே நிலையில் வேறு ஊர்களில் உள்ள கடைகளின் உறுப்பினர்கள் தங்கள் கடையின் பெயரைப் போட்டு வாசித்துக்கொள்ளலாம். பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்காது.

நாங்கள் யார் என்று சொல்லிவிட வேண்டும். வங்கியில், ஐடி நிறுவனத்தில், கல்லூரியில் வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், இரண்டு மூன்று டாக்டர்கள். இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வாரின் பேச்சைக் கேட்டு வந்தவர்கள் உண்டு. அப்பாவின் சர்க்கரை நோய்க்காகவும் குழந்தையின் தோல் அரிப்புக்காகவும் வந்தவர்கள் அதைவிட அதிகம். இரண்டிலும் தவறில்லை. ஆனால் முதல் வகையினர் மேடையில் பேசினோம், இரண்டாம் வகையினர் பொருள் வாங்கினோம். கடையை நடத்துவது என்ற மூன்றாவது வேலைக்கு எந்த வகையிலும் ஆள் இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

திறப்பு விழாவில் பேசிய எல்லோருமே ராக்டேலைச் சொன்னோம். சொல்லாமல் எப்படி இருப்பது? 1844-இல் இங்கிலாந்தின் அந்த நெசவாலை ஊரில் 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்து, டிசம்பர் 21 அன்று டோட் லேன் என்னும் தெருவில் கடை திறந்தார்கள். விற்பனைக்கு வைத்தது வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி. ரொட்டியை வெளுப்பாக்கப் படிகாரம் சேர்ப்பதும், ஒருமுறை கொதித்த தேயிலையை உலர்த்திச் சாயமேற்றித் திரும்ப விற்பதும் அந்நாளைய இங்கிலாந்தில் சாதாரணம். கலப்படமில்லாத பொருள், சரியான எடை என்பது அந்தக் கடையின் அடிப்படை வாக்குறுதி. ஆகவே நஞ்சில்லா உணவும் உறுப்பினர் கடையும் ஒன்றாகவே பிறந்தவை என்று முழங்கினோம். கை தட்டினார்கள்.

அடுத்தது திருவல்லிக்கேணி. 1904-இல், கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த அதே ஆண்டில், டி.யு.சி.எஸ். என்று இன்றும் சென்னைக்காரர்கள் சொல்லும் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, அப்போது அவர் அங்கே இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். இந்தியாவின் முதல் நுகர்வோர் கூட்டுறவு எங்கள் ஊரில் பிறந்தது, அதன் வாரிசுகள் நாங்கள் என்றோம். டி.யு.சி.எஸ். நடத்தும் ரேஷன் கடைக்குள் எங்களில் எத்தனை பேர் கடைசியாக நுழைந்தோம் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை.

ராக்டேல்காரர்களைப் பற்றி நாங்கள் சொல்லாமல் விட்ட விஷயங்கள் இரண்டு. அந்த ஒரு பவுனை அவர்கள் வாரத்துக்கு இரண்டு பென்ஸ் என்று சேர்த்தார்கள்; வேலைநிறுத்தத்தில் தோற்று, கூலி குறைந்திருந்த காலத்தில். அடுத்தது, அவர்கள் கடையில் கடன் கிடையாது. ரொக்கம் கொடுத்தால் பொருள். சொந்த உறுப்பினருக்கும் அதுதான் விதி. உறுப்பினரே கடன் வைத்தால் கடை யாரிடம் போய்க் கடன் கேட்கும் என்பது ஆலைத் தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் கடையில் ஒரு நோட்டு உண்டு. “அக்கா, எழுதி வச்சுக்கங்க, மாசக் கடைசியில மொத்தமா போட்டுடறேன்” என்பதுதான் அதில் மிக அதிகமாக எழுதப்பட்ட வாசகம். எழுதியது கடையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, சொன்னது நாங்கள். கையில் பணம் இல்லாதவர்கள் அல்ல நாங்கள். நிர்வாகக் குழுவில் இருந்தவர்களின் பெயர்களும் அந்த நோட்டில் இருக்கின்றன. மாதக் கடைசி இரண்டு மாதக் கடைசி ஆகும். பிறகு பெருந்தொகையைக் கண்டு அதிர்ந்து, “இதெல்லாம் நான் வாங்கினதா?” என்று கேட்போம். நம் கடைதானே என்ற உரிமையில் கடன் சொல்லுவோம். பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டில், நம் கடையாக இல்லாததால், ரொக்கம் கொடுத்தோம்.

இந்த நோட்டின் விலை என்ன என்பதைச் சொல்ல, இயற்கை உணவு வியாபாரத்தின் உள்கணக்கைக் கொஞ்சம் விரித்தாக வேண்டும். பத்துப் பதினைந்து வருடம் உறுப்பினராக இருந்தும் இதைத் தெரிந்துகொள்ள நாங்கள் மெனக்கெடவில்லை.

டெல்டாவில் மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, சீரகச் சம்பா போன்றவை பெரும்பாலும் தை, மாசியில் அறுவடைக்கு வரும். காட்டுயானம் ஏறத்தாழ ஆறு மாதம் வயலில் நிற்கும். வருடம் முழுவதும் நாங்கள் சாப்பிடப்போகும் அரிசி அந்த ஓரிரு மாதத்தில் வீடு வந்து சேர்ந்துவிடுகிறது. வியாபாரியாக இருந்தால் களத்துமேட்டிலேயே பணத்தைக் கொடுத்துவிட்டு நெல்லை ஏற்றிக்கொண்டு போவார்; விலை குறைவாக இருக்கும், ஆனால் பணம் அன்றைக்கே கையில். நாங்கள் வியாபாரியைவிட நல்ல விலை தருவதாகச் சொன்னோம். சொன்ன விலையைக் கொடுக்கவும் செய்தோம்: சித்திரையில் கொஞ்சம், ஆடியில் கொஞ்சம், கார்த்திகையில் மீதி.

அதற்கும் மேலே எங்களுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. புது அரிசி குழையும்; பழைய அரிசிதான் வேண்டும். நியாயமான ஆசைதான். ஆனால் பழைய அரிசி என்றால் நெல் ஆறு மாதம் யாருடைய வீட்டிலோ காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதம் எலியும் அந்துப்பூச்சியும் யாருடைய பொறுப்பு, முடங்கிய பணம் யாருடையது? விவசாயியுடையது. பெரிய குடோன்களில் பாஸ்பைடு மாத்திரை போட்டு மூட்டம் கட்டினால் வண்டு வராது. அந்த மருந்து வேண்டாம் என்பதற்காகத்தான் எங்கள் கடையே. வேப்பிலையும் வசம்பும் போட்டுக் காத்துப் புடைத்து அனுப்பிய அரிசியில் நாலு வண்டு ஊர்ந்ததும், பையோடு திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணம் கேட்டோம். அக்கா பணத்தைக் கொடுத்தார். அந்த நஷ்டம் கடையின் கணக்கில் ஏறி, கடையின் கணக்கு விவசாயியின் பாக்கியில் ஏறியது.

சிறுதானியத்தில் கதை இன்னும் மோசம். சாமையையும் குதிரைவாலியையும் தவிடு போகத் தீட்டாமல் வேண்டும் என்று கேட்டோம். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெய் காற்றுப்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். கம்பு மாவு அரைத்த சில நாளிலேயே கசக்கத் தொடங்கும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து, வாங்குவோர் எத்தனை பேர் என்று முன்கூட்டியே தெரிந்து, அந்த அளவுக்கு மட்டும் வரவழைத்தால்தான் இது நடக்கும். முன்கூட்டிச் சொல்லச் சொல்லி அக்கா ஒவ்வொரு மாதமும் தாள் கொடுத்தார். அதை நிரப்பித் தந்தவர்கள் மிகச் சிலர். கருப்பட்டி பதநீர்க் காலத்தில் மட்டும் கிடைப்பது, வருடத்துக்கும் சேர்த்து அப்போதே வாங்கி வைக்க வேண்டியது, மழைக்காலத்தில் கசியக்கூடியது. கசிந்ததைத் தூக்கிக் காட்டி, “தரம் போச்சு” என்று கூட்டத்தில் முழங்கினவர்கள், கசியாத அறை கட்ட ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கேட்டபோது கூட்டத்துக்கே வரவில்லை.

ஆக இந்தக் கடைக்குத் தேவைப்பட்டது தை மாதத்தில் ஒரு மொத்தப் பணம். அதைப் போட வேண்டியது உறுப்பினர்கள். தொடங்கிய நாளில் வைத்த முன்பணம் இன்றுவரை அதே தொகைதான். விலைவாசி என்னவாயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் சம்பளம் என்னவாயிற்று என்று எங்களுக்குத் தெரியும். முன்பணத்தை உயர்த்தும் தீர்மானம் இரண்டு தடவை வந்தது. “புது உறுப்பினர்கள் பயந்துவிடுவார்கள்” என்று பழைய உறுப்பினர்கள் தோற்கடித்தோம்.

நாங்கள் போடாத பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு விவசாயி ஒருநாள் தற்செயலாகச் சொன்னார். எங்களிடம் நெல்லைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த மாதங்களில், அடுத்த பட்டத்து உழவுக்கு அவர் மனைவியின் நகையை அடகு வைத்திருக்கிறார். எங்கே? ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில். அரசியல்வாதிகளின் கூடாரம் என்று நாங்கள் ஏளனம் செய்துகொண்டிருந்த அதே சொசைட்டிதான் எங்கள் கடைக்கு மறைமுகமாக மூலதனம் கொடுத்துக்கொண்டிருந்தது. வட்டியைக் கட்டியவர் அவர். கலப்படமில்லாத அரிசியைச் சாப்பிட்டது நாங்கள். இதைக் கேட்ட பிறகும் நோட்டில் பாக்கி குறைந்ததா என்றால், அடுத்த மாதம் கொஞ்சம் குறைந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. எங்கள் கடையின் பொற்காலம் அது. சூப்பர் மார்க்கெட் வாசலில் வரிசை, காய்கறிக்குத் தட்டுப்பாடு, கோயம்பேடு சந்தை வழியாகத் தொற்று பரவி மே மாதத்தில் அது மூடப்பட்டது. எங்களுக்கோ ஊர்களில் விவசாயிகள் இருந்தார்கள், அவர்களிடம் பொருள் இருந்தது, அனுமதிச் சீட்டு வாங்கி வேன் கொண்டுவர அக்காவும் இரண்டு இளைஞர்களும் இருந்தார்கள். பழைய உறுப்பினர்கள் திரும்பி வந்தோம். புது உறுப்பினர்கள் குவிந்தார்கள். நோய் எதிர்ப்புச் சக்தி என்ற சொல் எல்லார் வாயிலும் இருந்த மாதங்கள் அவை. கறுப்புக் கவுனி வந்த அன்றே தீர்ந்தது. “இனிமே வேற எங்கயும் வாங்கறதா இல்ல” என்று நாங்கள் சொன்னது அக்காவிடம் மட்டுமில்லை. விவசாயிகளுக்கே போன் போட்டுச் சொன்னோம். எங்கள் வாயை நம்பி இரண்டு மூன்று பேர் அடுத்த பட்டத்தில் பாரம்பரிய நெல்லின் பரப்பைக் கூட்டினார்கள். ஒருவர் குத்தகைக்கு நிலம் எடுத்தார்.

அந்த நெல் விளைந்து வந்தபோது ஊர் திறந்துவிட்டது. கொஞ்ச நாளில் பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவரும் ஆப்கள் வந்தன. அவற்றில் ‘ஆர்கானிக்’ என்று அச்சடித்த பாக்கெட்டும் கிடைத்தது. எங்கள் கடைக்கு நடந்து போக வேண்டும், பை கொண்டுபோக வேண்டும், இன்றைக்கு என்ன இருக்கிறதோ அதைத்தான் வாங்க வேண்டும். நாங்கள் ஆப்புக்குப் போனோம். யாரும் ராஜினாமா செய்யவில்லை. விலகுவதாகச் சொல்லும் மரியாதையைக்கூடச் செய்யவில்லை. உறுப்பினராக இருந்துகொண்டே வாங்காமல் விட்டோம். குத்தகை எடுத்தவர் அந்த நெல்லைச் சாதாரண நெல் விலைக்கு வியாபாரிக்குப் போட்டார். பழைய பாக்கியைப் பற்றி அவர் இன்றுவரை கடுமையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அது எங்களுக்குச் சௌகரியமாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

இப்போது அக்காவின் விஷயம். இதைத் தொடாமல் போய்விடலாம் என்று எங்களில் சிலர் சொன்னார்கள். அதனாலேயே தொட வேண்டியிருக்கிறது. விவசாயிக்கு நியாய விலை எவ்வளவு என்று மணிக்கணக்கில் விவாதித்திருக்கிறோம். உழவுக் கூலி, நடவுக் கூலி, வண்டி வாடகை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறோம். கடையைத் திறந்து, பெருக்கி, மூட்டை பிரித்து, புடைத்து, நிறுத்து, பில் போட்டு, எங்கள் கோபத்தை வாங்கிக்கொண்டு, இரவு கணக்கெழுதிவிட்டுப் போகிறவரின் நியாயக் கூலி எவ்வளவு என்று ஒருமுறைகூடப் பலகையில் எழுதியதில்லை. அவருக்கு வருங்கால வைப்பு நிதி கிடையாது. இருபது பேருக்குக் குறைந்த இடத்தில் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை என்றார் உறுப்பினரான ஒரு வக்கீல். சட்டப்படி சரி. “இது வேலை இல்ல, சேவை” என்றார் இன்னொருவர். அவர் மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குபவர். அக்கா எங்களைச் சார் என்றும் மேடம் என்றும் கூப்பிட்டார். அவரை அக்கா என்று கூப்பிட்டதையே சமத்துவம் என்று எண்ணிக்கொண்டோம். அவரிடம் உறுப்பினர் முன்பணம் கேட்கப்படவே இல்லை. அதாவது தினமும் கடையில் நின்ற ஒரே ஆளுக்குக் கடையில் ஓட்டு இல்லை.

எங்கள் வீட்டுச் சமையலறையிலும் இதன் தொடர்ச்சி இருக்கிறது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்கள்தான் கடையிலிருந்து பையைச் சுமந்துவந்தவர்கள். மாப்பிள்ளைச் சம்பாவைக் கழுவி உலையில் போட்டவர்கள். அவர்கள் வீட்டில் வேகுவது விலையில்லா ரேஷன் அரிசி. அது கேவலமான அரிசி என்று சொல்லவில்லை. அந்த அரிசி இல்லாவிட்டால் இந்த மாநிலத்தில் பல வீடுகளில் அடுப்பு எரியாது. எங்கள் வாதம், நஞ்சில்லா உணவு எல்லோருக்குமான உரிமை என்பதுதானே? மாதத் தவணையில் முன்பணம் கட்டலாம் என்று ஒரு விதி போட்டிருந்தால், உடைந்த அரிசியையும் குருணையையும் குறைந்த விலைக்கு வைத்திருந்தால், அவர்களில் சிலராவது உறுப்பினர் ஆகியிருப்பார்கள். வாரம் இரண்டு பென்ஸ் சேர்த்த ராக்டேல்காரர்களின் வகுப்புதான் அவர்களுடையதும். வீட்டு வேலைக்காரரைக் கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் உட்காரவைக்க நாங்கள் தயாராக இருந்தோமா என்ற கேள்வி எங்கள் முன் வராமலே பார்த்துக்கொண்டோம்.

கூட்டம் என்றதும் இன்னொன்று. ஆண்டுப் பேரவைக் கூட்டத்துக்குக் குறைவெண் சேர்ந்த வருடங்கள் குறைவு. குறித்த நேரம் தாண்டி அரை மணி காத்திருந்து, வந்தவர்களை வைத்தே கூட்டத்தைக் கூட்டி, வரவுசெலவைப் படிக்காமல் ‘படிக்கப்பட்டது’ என்று எழுதினோம். சாப்பாடு உண்டு என்று அறிவித்த வருடம் நிறைந்த கூட்டம். கறுப்புக் கவுனிப் பாயசம் தீர்ந்த பிறகு நடந்த கணக்கு விவாதத்தில் காலி நாற்காலிகள். தணிக்கையாளர் குறிப்பிட்ட நிலுவைகளை யாராவது அன்றே வாய்விட்டுப் படித்திருந்தால், தொகை திருப்பிக் கொடுக்கக்கூடிய அளவில் இருந்திருக்கும்.

உறுப்பினர் கூட்டம் பெருத்தால் கடை தானாக நடக்கும் என்று நம்பினோம். கலிபோர்னியாவின் பெர்க்லியில் நுகர்வோர் கூட்டுறவு ஒன்று இருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேலான உறுப்பினர்கள், பல கடைகள், எது சத்தான உணவு என்று வாங்குபவருக்குச் சொல்லவே சம்பளத்தில் மனையியல் வல்லுநர்கள். அமெரிக்காவில் அந்த வகையில் மிகப் பெரியது என்று பேர். உட்பூசலிலும் நஷ்டத்திலும் நலிந்து 1988-இல் அது மூடப்பட்டது. நியூயார்க்கின் புரூக்ளினில் 1973-இல் தொடங்கிய பார்க் ஸ்லோப் கூட்டுறவுக் கடை வேறு வழியில் போயிற்று. அங்கே உறுப்பினர் சில வாரங்களுக்கு ஒருமுறை இரண்டே முக்கால் மணி நேரம் கடையில் வேலை செய்தாக வேண்டும்: மூட்டை இறக்குவது, பாலாடைக்கட்டி வெட்டிப் பொட்டலம் கட்டுவது, கல்லாவில் உட்காருவது. டாக்டரானாலும் வக்கீலானாலும் விலக்கில்லை. முறையைத் தவறவிட்டு ஈடு செய்யாவிட்டால் பொருள் வாங்க முடியாது. கண்டிப்பு அதிகம் என்று அந்த ஊர்ப் பத்திரிகைகள் கேலி செய்யாத வருடம் இல்லை. கடை ஐம்பது வருடத்தைக் கடந்து நடக்கிறது. எங்களுக்கும் ஒரு விதி இருந்தது: மாதம் இரண்டு மணி நேரம். முதல் மாதம் சாமை புடைக்கும் போட்டோ எடுத்தோம். மூன்றாவது மாதத்திலிருந்து டிரைவரை அனுப்பினோம். பிறகு அதுவும் நின்றது. விதி மட்டும் இன்னும் எங்கள் துணைவிதிகளில் இருக்கிறது.

வயலுக்குப் போகவும் விதி இருந்தது. பங்கேற்பு உத்தரவாத முறையில், பி.ஜி.எஸ். என்கிறார்கள், ஐந்து பேருக்குக் குறையாத விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர்கள் பார்த்துச் சான்று தருவார்கள். அந்தப் பரிசோதனைக்கு வாங்குபவர்களும் வரலாம். பெரிய கட்டணம் கட்டி மூன்றாம் தரப்புச் சான்று வாங்க முடியாத சிறு விவசாயிக்கு இதுதான் வழி. எங்களை அழைத்தார்கள். பஸ் பிடித்துப் போனோம், பம்ப்செட்டில் குளித்தோம், வாழை இலையில் சாப்பிட்டோம், இளநீர் குடித்தோம். பதிவேட்டைத் திறந்து, எந்த வயலில் எப்போது என்ன தெளித்தார்கள், பக்கத்து வயல் மருந்து காற்றில் வராமலிருக்க வரப்போரத்தில் என்ன நட்டிருக்கிறார்கள் என்று எவரும் கேட்கவில்லை. பிறகு ஒரு வதந்தி கிளம்பியது, யாரோ ஒருவர் யூரியா போடுகிறார் என்று. விசாரிக்காமலே அவரிடம் வாங்குவதை நிறுத்தினோம். அவர் வயலில் குளித்தவர்களில் ஒருவர்கூட அவருக்காகப் பேச எழவில்லை; பேசுவதற்கு எங்களிடம் தெரிந்த விஷயம் எதுவும் இருக்கவில்லை.

வேறு வழி இருந்ததா என்றால், இருந்தது, தெரிந்தும் இருந்தது. 1965-இல் டோக்கியோவின் செதகயா பகுதியில் 200 பெண்கள் சேர்ந்து, நல்ல பாலை நியாய விலைக்கு வாங்க 300 புட்டிக்கு மொத்தமாகச் சொன்னார்கள். அதுதான் செய்கத்சு கிளப்பின் ஆரம்பம். ஏழெட்டு வீடுகள் ஒரு குழு, குழுவாக முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், சொன்னதை எடுத்துக்கொள்வார்கள். மாதாமாதம் முதலீட்டுத் தொகை போட்டார்கள். பால் பண்ணையாளர்களோடு சேர்ந்து சொந்தப் பால் ஆலையே கட்டினார்கள். யமகதா மாகாணத்து யூசா ஊரின் நெல் விவசாயிகளோடு அவர்கள் உறவு 1970-களில் தொடங்கியது, இன்னும் அறவில்லை. 1989-இல் அவர்களுக்கு ‘ரைட் லைவ்லிஹூட்’ விருது கிடைத்தது. எங்கள் கூட்டத்தில் அதைப் பற்றி ஒரு குறும்படம்கூடப் போட்டார்கள். பார்த்துவிட்டு, “ஜப்பான்காரங்களுக்கு ஒழுங்கு ரத்தத்திலேயே இருக்கு” என்று சொல்லிக் கலைந்தோம். ரத்தத்தில் ஒன்றும் இல்லை. பால் வேண்டுமென்று சொன்னவர்கள் பால் வந்ததும் காசு கொடுத்தார்கள்.

உறுப்பினர்களே, வரும் மாதம் சிறப்புப் பேரவைக் கூட்டம் கூடுகிறது. கடையைத் தொடர்ந்து நடத்துவதா, மூடுவதா என்பதுதான் பொருள். தொடர வேண்டும் என்று கேட்பவர்களும் மூடிவிடலாம் என்று நினைப்பவர்களும் எங்களுக்குள் இருக்கிறோம். அதை அன்றைக்குப் பேசிக்கொள்வோம். அதற்கு முன்னால் செய்து முடிக்க வேண்டியவை உண்டு. நோட்டில் உங்கள் பெயருக்கு எதிரே உள்ள தொகையைக் கூட்டத்துக்கு வருவதற்குள் கட்டிவிடுங்கள். எவ்வளவு என்று அக்காவிடம் கேளுங்கள். இந்த முறை கேட்டதும் கொடுங்கள். நெல்லுக்கும் சிறுதானியத்துக்கும் உள்ள பாக்கி, அக்காவின் சம்பள நிலுவை, இத்தனை வருட வேலைக்கு அவருக்குச் சேர வேண்டிய தொகை, இவை தீர்ந்த பிறகுதான் எங்கள் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பது என்று ஒரு தீர்மானம் கொண்டுவருகிறோம். கணக்கைப் பார்த்தால், அதற்குப் பிறகு திருப்பித் தர எதுவும் மிஞ்சாது. அது தெரிந்தே கை தூக்க வாருங்கள்.